இதயத் தசை நோயின் அறிகுறிகளை அறிந்துகொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

"மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டால், இதயத் தசை பலவீனமடைந்தவர்களில் பலர் "இல்லை" என்றே பதில் சொல்வார்கள். அவர்கள் எதையும் மறைப்பதில்லை. மூச்சு வாங்க வைக்கும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டு வந்திருப்பதால், மீதமிருக்கும் வேலைகளில் அவர்களுக்கு உண்மையிலேயே மூச்சு வாங்குவதில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும் வேலை மருமகளிடம் போயிருக்கும். கோயில் பிரகாரத்தை மூன்று முறை சுற்றியவர் ஒரு சுற்றோடு கொடிமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். சந்தைக்கு நடந்தவர் ஆட்டோவில் போகப் பழகியிருப்பார். வீட்டில் யாருடைய கண்ணிலும் இது நோயாகப் படுவதில்லை; வயதாகிறது என்றே தோன்றும்.

என் அத்தை இரண்டு மாதங்கள் சாய்வு நாற்காலியில் தூங்கினார். "படுத்தா நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்குப்பா, இதுல சாஞ்சா நல்லா தூக்கம் வருது" என்று அவர் சொன்னபோது, அந்த ஒரு வாக்கியத்திலேயே நோய் முழுவதும் இருந்தது என்பது எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. இளைப்பு நோய் என்று ஆவி பிடிக்க வைத்து, மருந்து உறிஞ்ச வைத்து, கடைசியில் ஒரு நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடியபோது எடுத்த எக்கோவில் (இதயத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன்), 55க்குக் குறையாமல் இருக்க வேண்டிய இதயத்தின் பம்பிங் 25 சதவீதம் என்று வந்தது. அந்த இரண்டு மாதங்களில் நாங்கள் எதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டி. இதைக் கொண்டு வீட்டிலேயே நோயை உறுதி செய்ய முடியாது. மருத்துவரிடம் எப்போது போக வேண்டும், அங்கே எதைச் சொல்ல வேண்டும் என்பதை இது தெளிவாக்கும்.

படி 1: மாரடைப்பு வேறு, தசை நோய் வேறு

இதய நோய் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது இரத்தக் குழாய் அடைப்பு. அது இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்களில் வரும் கோளாறு. கார்டியோமயோபதி எனப்படும் இதயத் தசை நோயில், குழாய்கள் நன்றாக இருக்கும்போதே தசையே கெட்டுப்போகிறது. எனவே ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதால் மட்டும் இதயம் முழு நலத்துடன் இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

தசை கெடும் விதம் நான்கு வகைப்படும் என்று பொதுவாகச் சொல்லலாம். இதயத்தின் கீழறை, பல நாள் ஊதிவைத்த பலூனைப் போலத் தளர்ந்து பெரிதாவது முதல் வகை; இதை விரிவடைந்த தசை நோய் என்கிறோம். சுவர் தடித்து உள்ளிடம் சுருங்குவது இரண்டாவது வகை. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, 500 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. தசை விறைத்துப்போய், இரத்தத்தை உள்ளே வாங்க விரிய முடியாமல் தவிப்பது மூன்றாவது. தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் படிந்து, அதனால் துடிப்பின் ஒழுங்கு குலைவது நான்காவது. முதல் வகையும் மூன்றாவது வகையும் மெல்ல மெல்ல மூச்சையும் காலையும் வயிற்றையும் தொட்டுத் தங்களைக் காட்டிக்கொள்ளும். இரண்டாவதும் நான்காவதும் சில வேளைகளில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஓடியாடும் இளைஞரைச் சாய்த்துவிடும். 

படி 2: கைவிட்ட வேலைகளைக் கணக்கெடுங்கள்

அறிகுறியைத் தேடுவதற்கு முன், கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "கடைசியாக எப்போது மாடிக்குப் போனீர்கள்? தண்ணீர்க் குடத்தை யார் தூக்குகிறார்கள்? போன பொங்கலுக்கு வாசலில் கோலம் போட்டீர்களே, இந்தப் பொங்கலுக்கு ஏன் போடவில்லை?" என்று போன ஆண்டையும் இந்த ஆண்டையும் ஒப்பிட்டுக் கேட்டால், உண்மை தானாக வெளியே வரும்.

மருத்துவர்களும் இதே முறையில்தான் நோயின் அளவைக் குறிக்கிறார்கள். வழக்கமான எந்த வேலையிலும் தொல்லை இல்லாவிட்டால் முதல் நிலை. மாடிப்படி, மேடு, சுமை போன்றவற்றில் மட்டும் மூச்சு வாங்கினால் இரண்டாம் நிலை. குளித்து உடை மாற்றுவது, சமதரையில் சிறிது தூரம் நடப்பது ஆகியவற்றுக்கே மூச்சு வாங்கினால் மூன்றாம் நிலை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திணறினால் நான்காம் நிலை. ஒருவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைவிட, எத்தனை வாரங்களில் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு வந்தார் என்பதைக் குறித்துக்கொள்வது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஆறு மாதத்தில் இரண்டு நிலை இறங்கியவரை வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது.

மூச்சு வாங்காமல் வெறும் அசதியாகவே இந்த நோய் வெளிப்படுவதும் உண்டு. இதயம் தள்ளும் இரத்தம் குறைவதால், தொடைத் தசைகளுக்குப் போதுமான அளவு போய்ச் சேருவதில்லை. கால் கனக்கிறது, உடம்பு இழுக்கிறது, மதியம் படுத்தால் எழுந்திருக்க மனமில்லை என்பதெல்லாம் அதன் விளைவுகள். இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றாலும் இதே அசதி வரும் என்பதால், அந்தப் பரிசோதனைகள் சரியாக இருந்தும் அசதி தீராதபோது இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குனியும்போது வரும் மூச்சுத்திணறல் தனிக் கவனத்துக்குரியது. நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பின் வாரை மாட்டுவதற்காகக் குனிந்த அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டினால், இதயத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கக்கூடும். தொப்பையால் வருகிறது என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் அதிகம்.

படி 3: இரவைக் கவனியுங்கள்

பகலில் ஒளிந்துகொள்ளும் இந்த நோய் இரவில் வெளியே வருகிறது. நிற்கும்போதும் உட்காரும்போதும் கால்களில் தங்கியிருக்கும் நீர், படுத்தவுடன் மார்புப் பக்கம் திரும்புகிறது. பலமான இதயம் அதைச் சமாளித்துவிடும். பலவீனமான இதயத்தால் முடியாதபோது நுரையீரலில் அந்த நீர் தேங்குகிறது. அதனால்தான் படுத்த சில நிமிடங்களில் மூச்சு முட்டுவதும், எழுந்து உட்கார்ந்தால் தணிவதும் நேர்கின்றன.

எனவே தலையணைகளை எண்ணுங்கள். ஒரு தலையணை வைத்துப் படுத்தவர் இரண்டு, மூன்று என்று அடுக்கத் தொடங்கியிருக்கிறாரா, சுவரில் சாய்ந்தோ நாற்காலியிலோ தூங்குகிறாரா என்று பாருங்கள். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் காற்றே இல்லாததுபோல் திடுக்கிட்டு எழுந்து, சன்னலைத் திறந்து, பத்து இருபது நிமிடம் உட்கார்ந்த பிறகே மறுபடி படுக்க முடிகிறது என்றால், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடக் கூடாது. படுத்தால் மட்டும் வரும் வறட்டு இருமலும் இதே காரணத்தால் வரலாம். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதையும் இதோடு சேர்த்துக் கவனியுங்கள். பகலில் காலில் தேங்கிய நீர் இரவில் சிறுநீரகத்தை அடைவதால் இது நேர்கிறது. ஆனால் சர்க்கரை நோயும் புராஸ்டேட் வீக்கமும் இதே தொல்லையைத் தரும் என்பதால், இது ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

பக்கத்தில் படுப்பவர் மட்டுமே கவனிக்கக்கூடிய ஓர் அறிகுறியும் உண்டு. தூக்கத்தில் மூச்சு மெல்ல மெல்ல ஆழமாகி, பிறகு மெல்ல மெல்லத் தணிந்து, சில நொடிகள் நின்றேபோய், மறுபடி தொடங்கும். முற்றிய இதயச் செயலிழப்பில், அதாவது இதயத்தால் போதிய இரத்தத்தைத் தள்ள முடியாத நிலையில், காணப்படும் மூச்சு முறை இது. முடிந்தால் கைப்பேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 4: கால், வயிறு, எடை, கழுத்து

கால்களை மாலையில் பாருங்கள், காலையில் வீக்கம் வடிந்திருக்கும். கணுக்காலுக்கு மேலே, உட்புறத்தில், எலும்பின்மேல் தோல் மெலிதாக இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, பத்து நொடிகள் அழுத்திவிட்டு எடுங்கள். இதய நோயால் நீர் கோத்திருந்தால், விரலை எடுத்த பிறகும் அங்கே ஒரு குழி நிற்கும். ஈர மாவில் விரல் பதித்ததுபோல இருக்கும் அந்தக் குழியைக் கண்ணால் பார்ப்பதைவிட, விரல் நுனியால் தடவிப் பார்த்தால் நன்றாகத் தெரியும். கொலுசு பதிந்த தடம், காலுறையின் விளிம்பு பதிந்த வளையம், மாலையானால் இறுகிப்போகும் செருப்பு வார் ஆகியவையும் இதே செய்தியைச் சொல்கின்றன. படுக்கையிலேயே இருப்பவர்களுக்குக் காலில் வீக்கம் தெரியாமல் போகலாம். அவர்களுக்கு இடுப்புக்குக் கீழே, முதுகின் அடிப்பகுதியில் அழுத்திப் பார்க்க வேண்டும்.

இங்கே சில வேறுபாடுகளை மனத்தில் கொள்ள வேண்டும். இதயத்தால் வரும் வீக்கம் பெரும்பாலும் இரண்டு கால்களிலும் இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் இருந்தால், அது இரத்தம் உறைந்த அவசர நிலையாக இருக்கலாம். அதற்கும் உடனே போக வேண்டும். காலையில் எழுந்ததும் முகமும் கண்ணிமையும் ஊதியிருந்தால், முதலில் சிறுநீரகத்தைச் சந்தேகிப்பார்கள். இரத்த அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் மாத்திரையும் கணுக்காலை வீங்கச் செய்யும்; ஆனால் அதை நீங்களே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வயிற்றில் தேங்கும் நீரை நாம் நோயாகவே நினைப்பதில்லை. நான்கு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோவது, வேட்டியும் பாவாடை நாடாவும் இறுகுவது, வலது விலா எலும்புக்குக் கீழே மந்தமான வலி, குமட்டல் ஆகியவை கல்லீரலில் இரத்தம் தேங்குவதால் வருபவை. பசியின்மையால் சதை கரைந்து முகமும் தோளும் மெலிந்துகொண்டிருக்கும்போதே, நீர் கோத்து எடை மட்டும் ஏறுவதும் உண்டு.

ஆகையால் எடை பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி வைப்பது செலவல்ல. காலையில் சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், ஏறக்குறைய ஒரே எடையுள்ள உடையில் நின்று பார்த்து, நாட்காட்டியிலேயே எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சாப்பாட்டால் வந்த சதை அல்ல, தேங்கிய நீர். கால் வீங்குவதற்குச் சில நாள் முன்பே எடை இதைக் காட்டிவிடும்.

கழுத்தைப் பார்க்கப் பழக்கம் வேண்டும் என்றாலும், ஒன்றை எவரும் பார்க்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து அமைதியாக இருக்கும் ஒருவரின் கழுத்துப் பக்கவாட்டில் இரத்தக் குழாய் புடைத்து, காதுமடலை நோக்கித் துடித்துக்கொண்டிருந்தால் அது இயல்பல்ல.

படி 5: படபடப்பும் மயக்கமும்

எல்லாப் படிகளிலும் மிகவும் கவலை கொள்ள வேண்டிய படி இதுவே. 2003 ஜூன் 26 அன்று, பிரான்சின் லியோன் நகரில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில், கொலம்பியாவுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ, பக்கத்தில் எவரும் இல்லாத நேரத்தில் மைதானத்தில் சாய்ந்து உயிரிழந்தார். அவருக்கு வயது 28. இதயச் சுவர் தடிக்கும் நோய் இருந்தது உடற்கூறாய்வில் தெரிந்தது. உலகத் தரத்தில் ஓடக்கூடிய உடம்புக்குள்ளும் இந்த நோய் இருக்க முடியும் என்பதால், "நன்றாக விளையாடுகிற பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது" என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை.

மயக்கம் என்பதில் இரண்டு விதங்களைப் பிரித்தறிய வேண்டும். பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வெயிலில் வெகுநேரம் நின்றோ, ஊசியைக் கண்டு பயந்தோ, முதலில் கண் இருண்டு, வியர்த்து, குமட்டி, பிறகு மெல்லச் சரிவது பெரும்பாலும் ஆபத்தில்லாத மயக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போதோ, மாடியேறும்போதோ, நீந்தும்போதோ, எந்த முன்னறிகுறியும் இல்லாமல் விளக்கை அணைத்ததுபோல விழுவது வேறு. விழும்போது கையை ஊன்றக்கூட நேரம் இல்லாமல் முகத்தில் அடிபடுவது இதன் அடையாளம். இப்படி ஒரே ஒருமுறை நேர்ந்தாலும், எக்கோவும் ஈசிஜியும் எடுத்து மருத்துவர் அனுமதிக்கும் வரை விளையாட்டை நிறுத்தி வையுங்கள். கை கால் வெட்டி இழுத்தது என்பதால் வலிப்பு என்று முடிவு செய்து, வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டு, பின்னர் இதயத் துடிப்புக் கோளாறு என்று தெரியவருவதும் நடக்கிறது; மூளைக்கு இரத்தம் நின்றாலும் சில நொடிகள் உடம்பு வெட்டும். இத்தாலியில் போட்டி விளையாட்டில் ஈடுபடுவோர் அனைவருக்கும் ஈசிஜி உட்பட்ட மருத்துவப் பரிசோதனை 1982 முதல் கட்டாயமாக இருக்கிறது. நம் பிள்ளைகள் மாவட்ட அளவிலோ மாநில அளவிலோ ஓடப் போகிறார்கள் என்றால், யாரும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்ப்பது பெற்றோர் செய்யக்கூடிய எளிய காரியம்.

சுவர் தடித்த இதயத்துக்கு இன்னும் சில தனித்தன்மைகள் உண்டு. உடம்பில் நீர் வற்றிய நாளிலும், விருந்துச் சாப்பாடு முடித்த உடனே படியேறும்போதும், சட்டென்று எழுந்து நிற்கும்போதும் தலைசுற்றலும் நெஞ்சுவலியும் மிகும். இந்த நெஞ்சுவலிக்கு யாரோ சொன்னார்கள் என்று நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் போட்டால், இரத்தக் குழாய்கள் விரிந்து, அழுத்தம் சரிந்து, நிலைமை மேலும் மோசமாகக்கூடும். அடுத்தவர் மாத்திரையைக் கடன் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

படபடப்பு வந்தால் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். துடிப்பு வேகமாக இருந்தாலும் சீராக இருக்கிறதா, அல்லது தாளம் தவறிய மேளம்போல முன்னும் பின்னுமாக வருகிறதா என்பதையும், திடீரெனத் தொடங்கித் திடீரென நின்றதா என்பதையும் எழுதி வையுங்கள். ஒழுங்கற்ற துடிப்பால் இதயத்துக்குள் இரத்தம் கட்டியாகி மூளைக்குச் சென்று, பக்கவாதமே முதல் அறிகுறியாக வந்தவர்களும் இருக்கிறார்கள்.

படி 6: இதயத்துக்கு வெளியே தெரியும் தடயங்கள்

சில தசை நோய்கள் நெஞ்சைத் தொடும் முன் வேறு இடங்களில் தடம் பதிக்கின்றன. அமிலாய்டு எனப்படும் புரதம் இதயத் தசையில் படிந்து அதை விறைக்கச் செய்யும் நோயில், இதயத் தொல்லை தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரண்டு கைகளிலும் விரல்கள் மரத்துப்போய், மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்திருப்பார்கள். வருடக்கணக்கில் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டவருக்கு, அழுத்தம் தானாகவே இறங்கி மாத்திரை வேண்டாம் என்றாகும். நல்ல செய்தியாகத் தோன்றும் இதை, அறுபது வயதைக் கடந்தவரிடம் மூச்சுவாங்கலோடும் கால் வீக்கத்தோடும் சேர்த்துப் பார்த்தால் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

கிரேக்கத்தின் நாக்சோஸ் தீவில் சில குடும்பங்களில், பிறந்ததிலிருந்தே கம்பளி போன்ற சுருட்டை முடியும், தடித்த உள்ளங்கையும் பாதமும் உள்ளவர்களுக்குப் பின்னாளில் இதயத் துடிப்புக் கோளாறு வருவதை மருத்துவர்கள் கண்டார்கள். தோலிலும் இதயத் தசையிலும் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஒரே புரதத்தில் உள்ள மரபணுக் கோளாறே காரணம் என்று பின்னர் தெரிந்தது. நமக்குப் பக்கத்தில், கேரளத்தில் ஏழை மக்களிடையே ஒரு காலத்தில் அதிகமாகக் காணப்பட்ட நோயில் இதயத்தின் உட்சுவர் நாராகித் தடித்துப்போகும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் அதைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தார்கள். கால் வீக்கம் சிறிதாகவும் வயிற்று நீர் மிகப் பெரிதாகவும் இருப்பது அதன் அடையாளம். இப்போது அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் வயிற்றில் நீர் என்றதும் கல்லீரலையும் குடியையும் மட்டும் நினைக்கக் கூடாது என்பதற்கு அந்த நோய் இன்றும் சான்றாக இருக்கிறது.

படி 7: குடும்ப மரத்தை வரையுங்கள்

1958இல் லண்டன் நோய்க்கூறு மருத்துவர் டொனால்ட் டியர், சுவர் ஒருபக்கமாகத் தடித்த இதயம் கொண்ட எட்டு இளம் வயதினரைப் பற்றி எழுதினார். அவர்களில் ஏழு பேர் திடீரென இறந்தவர்கள். அந்த நோய் குடும்ப வழியாக வருவது என்பதும் விரைவிலேயே தெளிவானது. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மாற்றம் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

தெற்காசியர்களைப் பொறுத்தவரை இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதயத் தசையின் புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம், இந்தியத் துணைக்கண்ட மக்களில் 100க்கு 4 பேரிடம் இருப்பதாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிவியலாளர்கள் அதில் முக்கியப் பங்கு வகித்தார்கள். இந்த மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் நடுத்தர வயதுக்குப் பிறகு இதயம் பலவீனமாகும் வாய்ப்பை அது கூட்டுகிறது.

ஒரு தாளை எடுத்துத் தாத்தா பாட்டியிலிருந்து தொடங்கி எழுதுங்கள். "காத்துக் கருப்பு அடிச்சுப் போயிட்டான்", "தூக்கத்திலேயே போயிட்டார்", "நல்லா நீந்துறவன் கிணத்துல மூழ்கிட்டான்", "எதிரே வண்டியே இல்லாம புளியமரத்துல மோதிட்டான்" என்று குடும்பத்தில் சொல்லப்படும் கதைகளில், ஐம்பது வயதுக்கு முன் இறந்தவர்களைக் குறியுங்கள். அந்தக் கதைகளில் சில, கண்டறியப்படாத இதயத் தசை நோயாக இருந்திருக்கலாம். பேஸ்மேக்கரோ, இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியோ வைத்துக்கொண்டவர்கள், நாற்பதில் "இதயம் வீங்கியது" என்று சொல்லப்பட்டவர்கள் ஆகியோரையும் சேருங்கள். சொந்தத்திலேயே கல்யாணம் செய்த குடும்பங்களில் இரு பக்கத்தையும் எழுதுவது அவசியம்.

படி 8: தனிக் கவனம் தேவைப்படுவோர்

பிள்ளை பெற்றவர்களை முதலில் சொல்கிறேன். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவமான ஐந்து மாதங்களுக்குள், அதற்கு முன் எந்த இதய நோயும் இல்லாத பெண்ணுக்கு இதயத் தசை தளர்ந்துபோவது உண்டு. கால் வீக்கம், அசதி, தூக்கமின்மை, மேல்மூச்சு வாங்குதல் எல்லாம் பச்சை உடம்புக்காரிக்கு இயல்புதான் என்று பாட்டி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை சொல்வதால், இந்த நோய் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. இயல்பான வீக்கம் பிரசவத்துக்குப் பின் நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால், படுக்க முடியாமல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்து தூங்கினால், இரவில் இருமினால், அன்றைக்கே எக்கோ எடுக்க வேண்டும். சரியான சிகிச்சையில் பலருக்கு இதயம் மீண்டு வருகிறது; ஆனால் அடுத்த கர்ப்பத்தைப் பற்றி இதய மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

கைக்குழந்தை மூச்சு வாங்குகிறது என்று சொல்லாது. பால் குடிக்கும்போது நெற்றியில் வியர்க்கும், நான்கு முறை உறிஞ்சிவிட்டு நிறுத்தி நிறுத்திக் குடிக்கும், எடை ஏறாது. சற்றுப் பெரிய குழந்தைகளில் வயிற்றுவலியும் வாந்தியுமே முன்னால் நிற்பதால், வயிற்றுக் கோளாறு என்று எண்ணிவிடுகிறார்கள்.

டாக்சோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகள் ஏற்றிக்கொண்டவர்களுக்கு, சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழிந்த பிறகும் தசை பலவீனமாகலாம். எனவே புதிய மருத்துவரிடம் போகும்போது அந்தப் பழைய சிகிச்சையைத் தவறாமல் சொல்ல வேண்டும். நீண்ட காலம் அதிகமாகக் குடிப்பவர்களுக்கும் இதயம் விரிவடைகிறது; தொடக்கத்திலேயே குடியை முற்றிலும் நிறுத்தியவர்களில் பலருக்கு அது பெருமளவு திரும்பியும் வருகிறது.

படி 9: உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

உட்கார்ந்திருக்கும்போதே ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாத திணறல், இளஞ்சிவப்பு நுரையோடு சளி, உதடும் விரல் நுனியும் நீலம் பாய்தல், வேலையின்போது மயங்கி விழுதல், தலைசுற்றலோடு கூடிய கடும் படபடப்பு, கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் நெஞ்சுவலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், தமிழ்நாட்டில் 108ஐயும் இலங்கையில் 1990ஐயும் அழையுங்கள். நெருங்கியவர் இறந்த அதிர்ச்சியில், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இதயத் தசை திடீரெனச் செயலிழந்து மாரடைப்பைப் போலவே வலி வருவது உண்டு. அது துக்கத்தால் வந்ததா அடைப்பால் வந்ததா என்பதை வீட்டில் பிரித்தறிய முடியாது.

விழுந்தவர் கூப்பிட்டும் அசையாமல், இயல்பாக மூச்சு விடாமல் இருந்தால், மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குல ஆழத்துக்கு, உதவி வரும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள்.

படி 10: மருத்துவரிடம் சொல்வதும், அறிக்கையைப் படிப்பதும்

"இளைப்பு இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், கூட்டம் நிறைந்த மருத்துவமனையில் அது ஆஸ்துமாவாகவோ வாயுத் தொல்லையாகவோ எழுதப்பட்டுவிடும். "மூன்று மாதத்துக்கு முன் இரண்டு மாடி ஏறினேன், இப்போது ஒரு மாடியில் நிற்கிறேன், இரண்டு வாரமாக மூன்று தலையணை, இந்த வாரம் 2 கிலோ கூடியிருக்கிறது, சித்தப்பா 38 வயதில் இறந்தார்" என்று சொல்லுங்கள். அதன்பின் "இது இதயத்தால் வருமா, எக்கோ பார்க்கலாமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முடிவு தெரியும்வரை மூட்டுவலிக்கென்று கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை வாங்கிப் போடாதீர்கள். அவை உடம்பில் நீரைத் தேக்கும்.

ஈசிஜி இயல்பாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. மார்பு எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரியாமலும் போகலாம். எக்கோவே அடிப்படைப் பரிசோதனை. அறிக்கையில் "ஈஎஃப்" என்று இருப்பதைத்தான் நாம் பம்பிங் என்கிறோம். 60 சதவீதம் என்றால் 40 சதவீதம் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. எந்த இதயமும் ஒரு துடிப்பில் முழு இரத்தத்தையும் வெளியேற்றுவதில்லை, 55 முதல் 70 வரை இயல்பான அளவு. 40க்குக் கீழ் என்றால் பலவீனம் தெளிவு. ஆனால் சுவர் தடித்த நோயிலும் விறைத்த நோயிலும் பம்பிங் இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும் என்பதால், அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். சுவரின் தடிமன் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து, அதற்கு இரத்த அழுத்தமோ வால்வுச் சுருக்கமோ காரணமாக இல்லையென்றால், தடித்த தசை நோய் என்று கொள்கிறார்கள். நோயாளியின் நெருங்கிய இரத்த உறவினருக்கு 13 மில்லிமீட்டரே கவனத்துக்குரியது. சந்தேகம் நீடித்தால் என்டி-புரோபிஎன்பி என்ற இரத்தப் பரிசோதனை, 24 மணி நேரத் துடிப்புப் பதிவு, இதய எம்ஆர்ஐ என்று மருத்துவர் அடுத்தடுத்துச் செல்வார்.

நோய் உறுதியானால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் எக்கோவும் ஈசிஜியும் எடுக்க வேண்டுமா என்று அதே நாளில் கேளுங்கள். தடித்த தசை நோயுள்ள குடும்பத்தில், முதல் பரிசோதனை நன்றாக இருந்தாலும், வளரும் பிள்ளைகளுக்கு ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் திரும்பப் பார்ப்பது வழக்கம். எக்கோ அறிக்கைகளைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். புதிய அறிக்கையைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது பழைய அறிக்கையைத்தான்.